பெட்டியில் வளர்ந்தவள்

கிணற்றடித் திருப்பத்துக்கு வருவதற்கு முன்பே அமராவதி தொண்டையைக் கனைத்துக்கொள்வாள். லேசான கனைப்பு இல்லை. சந்தைக்கு மாடு பிடிக்க வந்த ஆம்பிளை கனைப்பதுபோல நன்றாக இழுத்துக் கனைப்பாள். பிறகு இடுப்புக் குடத்தில் நங்கென்று ஒரு தட்டு. அதற்கப்புறம்தான் அங்கிருக்கும் பெண்களின் கண்ணில் படுவாள். முன்பு ஒருநாள் சத்தமில்லாமல் வந்து நின்றுவிட்டாள். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த இன்னாசியம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டு வாளிக் கயிற்றை நழுவவிட்டாள். வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், இந்த ஊர்ச் சாமிகளை எல்லாம் ஒரு பொருட்டாக மதிக்காதவள். அவளே காய்ச்சலில் படுத்துவிட்டாள். கனைப்பு அன்றைக்குத் தொடங்கியது.

“நான் வாரேன்னு முன்கூட்டித் தெரியணும்ல. தெரிஞ்சா அவுக பயப்பட மாட்டாக” என்பாள் அமராவதி. தெரிந்தும் பயப்படுகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

பயப்படும்படியான உருவம் ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வயது, ஒல்லி, மாநிறம். நிற்கும்போது இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. கழுத்தில் நகை இருக்க வேண்டிய இடத்தில் தையற்காரர் டேப் தொங்கும். ரங்கூன் துறைமுகத்தில் காதுத் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தையல் மெஷினையும் கப்பலில் ஏற்ற விடாமல் நிறுத்திவிட்டார்கள். டேப்பை மட்டும் அரைஞாண் மாதிரி சேலைக்குள் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதைக் கழற்றித் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

அறந்தாங்கி பஸ்ஸை விட்டிறங்கி, முந்திரிக்காட்டைத் தாண்டிச் செம்மண்ணில் நடந்தால் வரும் நெடுங்கண்மாய் என்ற ஊரில், பெரியப்பா நல்லதம்பியின் வீட்டில் இரண்டு வருஷமாக இருக்கிறாள். ஊரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரைப் பொறுத்தவரை நல்லதம்பியின் தம்பி மகள் அமராவதி, ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட காலத்தில் நாலு வயதில் செத்துப்போனவள்.

அவளுடைய அப்பா ஆண்டிச்சாமி, கிணற்றுப் பங்கில் அண்ணனோடு முட்டிக்கொண்டு, இனி இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை, ஒரு கடுதாசிகூடப் போடுவதில்லை என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு மனைவி காத்தாயியோடு கப்பலேறியவர். ரங்கூனில் அரிசி மில்லில் வேலை. அமராவதி அங்கேதான் பிறந்தாள். குண்டு விழுந்ததும் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் இதே நெடுங்கண்மாயைச் சேர்ந்த ராக்கனும் நடந்தார். எல்லாரும் மேற்கே போக, ஆண்டிச்சாமி மட்டும் பிள்ளையைத் தலையோடு சேர்த்து ஈரத்துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு எதிர்த்திசையில் திரும்பி நடந்ததையும், காத்தாயி அழுதுகொண்டே பின்னால் ஓடியதையும் அவர் பார்த்தார். கேட்டு நிற்க நேரமில்லை. புதைக்கத்தான் போகிறான் என்று முடிவு கட்டி, ஊர் வந்து சேர்ந்ததும் பிள்ளையின் பெயரோடு அப்படியே சொன்னார்.

உண்மையில் பிள்ளைக்குக் காய்ச்சல். காட்டு வழியில் பிள்ளை தாங்காது, செத்தால் ரங்கூனில் சாவோம் என்று ஆண்டிச்சாமி திரும்பிவிட்டார். காய்ச்சல் இறங்கியது. குண்டுக்கும் தப்பினார்கள். அண்ணனுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். வீம்பு பிடித்த மனுஷன், எழுதவில்லை.

கல்யாணமாகாமல் செத்த பெண்பிள்ளையை இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சும்மா விட்டுவிடுவதில்லை. பசியோடு அலையும், வீட்டைச் சுற்றும் என்பதால் கன்னிச்சாமியாக்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். ஓர் ஓலைப்பெட்டியில் புதுத்துணி, வளையல், மஞ்சள் வைத்து உள்ளறை உத்திரத்தில் கட்டி, வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, படைத்து, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்கள். அப்போது பிள்ளையில்லாமல் இருந்த பெரியம்மா சின்னப்பிள்ளை, முகம் பார்த்திராத அந்தக் குழந்தைக்காக மார்பிலடித்துக்கொண்டு அழுது, தன் கையாலேயே பெட்டி முடைந்தாள். மறுவருஷம் அவளுக்கு நாகராசு பிறந்தான். பாறை தட்டிக் கிடந்த கிணறு ஊறத் தொடங்கியது. அதன்பிறகு கேட்க வேண்டுமா? சின்னப்பிள்ளைக்கு மூத்த பிள்ளை பெட்டிக்குள் இருந்தாள். பெட்டியில் வைக்கும் சட்டை வருஷா வருஷம் கொஞ்சம் பெரிதாகும். பாவாடை ஒருநாள் தாவணியாயிற்று, பிறகு சேலையாயிற்று. “அங்கிட்டுப் போன பிள்ளை மட்டும் வளராம இருக்குமா?” என்பாள்.

ரங்கூனில் இன்னொரு அமராவதி வளர்ந்துகொண்டிருந்தாள். தாய் காத்தாயி அடுத்த பிரசவத்தில் போய்விட்டாள். அமராவதி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்து, ஒரு சீனத்தியின் கடையில் ரவிக்கை வெட்டக் கற்றுக்கொண்டாள். அப்பா சாகப் போகும் நேரத்தில்தான் வீம்பை விட்டு அண்ணன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொன்னார். கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு, அயலாரெல்லாம் போங்கள் என்றதும், பார்த்தேயிராத ஊரைத் தேடி அவள் கப்பலேறினாள்.

வந்து சேர்ந்த நேரம்தான் வினை. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் பொழுது. நல்லதம்பி வீட்டில் பெட்டியை இறக்கி, இலை போட்டுப் படைத்து, கன்னி வந்து சாப்பிடட்டும் என்று உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே கைகூப்பி நின்றிருந்தார்கள். வாசல் கதவை யாரோ தட்டினார்கள். நாகராசு போய்த் திறந்தான். “நான் அமராவதி வந்திருக்கேன். ரொம்பப் பசிக்குது” என்றாள் வாசலில் நின்ற பெண்.

அவளுக்கு அந்த இலையிலேயே சோறு கிடைத்தது. இன்றுவரை அப்படித்தான் கிடைக்கிறது. சின்னப்பிள்ளை உள்ளறையில் இலை போட்டு, பரிமாறி, தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போவாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியிலிருந்து தட்டிவிட்டுத் திறப்பாள். இருட்டறையில், தலைக்கு மேலே பெட்டி தொங்க, அமராவதி தனியாகச் சாப்பிடுவாள். முதலில் அவளும் எதிர்த்துப் பார்த்தாள். “நானும் ஒங்களோட வரிசையில உக்காந்து திங்கிறேனே பெரியாத்தா.” சின்னப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “எங்களோடயா? சோதிக்காத ஆத்தா” என்றாள். ஆத்தா என்றுதான் அந்த வீடு அவளைக் கூப்பிடுகிறது. பெயர் சொல்லி அழைக்க யாருக்கும் நாக்கு வருவதில்லை. அமராவதி என்பது பெட்டியின் பெயர்.

அவள் என்ன செய்தாலும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது. ரங்கூன் வழக்கப்படி ‘தனக்கா’ என்ற வாசனைக் கட்டையைக் கல்லில் இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டாள். சாமிக்குச் சந்தனக்காப்பு போட்டதாகச் சொல்லித் தெருவில் விழுந்து கும்பிட்டார்கள். அன்றோடு கட்டை பரணுக்குப் போயிற்று. தையல் போடும்போது பர்மாப் பாஷையில் எண்ணுவது அவள் பழக்கம். “தித், நித், தோங்” என்று முணுமுணுப்பதைச் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள் அருள்வாக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். இப்போது உதடு பிரியாமல் எண்ணுகிறாள். தும்மல் வந்தால் மட்டும் அடக்குவதே இல்லை. நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய்த் தும்முவாள். சாமி தும்மாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அவளைக் கும்பிடாத ஒரே ஆள் ராக்கன். தள்ளாத வயதிலும் தன் சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டார். அமராவதி ஒருநாள் அவர் எதிரிலேயே போய் நின்று, “நல்லாப் பாருங்க பெரியவரே, நான் சாகல” என்று கையை நீட்டினாள். ராக்கன் கையைப் பார்க்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.

“நான் கண்ணால பாத்தேன். துணிக்கு வெளிய ஒரு காலு தொங்குச்சு. அது உசிரு உள்ள காலு இல்ல. அந்தப் பிள்ளை செத்துத்தான் போச்சு. நீ யாருன்னு எனக்குத் தெரியாது.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தன் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளிப் பார்த்தாள். வலித்தது. வலித்ததில் ஓர் ஆறுதல்.

கேட்டதைக் கொடுப்பதில் மட்டும் குறையில்லை. தையல் மெஷின் வேண்டும் என்று வாயைத் திறந்த வாரமே நாகராசு அறந்தாங்கியிலிருந்து பழைய கைமெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். இறக்கியதும் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டிவிட்டார்கள். குங்குமம் உள்ளே போய் இறுகி, அதைக் கழுவி ஓட வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெண்கள் துணி கொண்டுவந்தார்கள். டேப்பை எடுத்தால் பின்வாங்கினார்கள். “அளவு ரவிக்கை கொண்டாந்திருக்கேன் ஆத்தா, அதப் பாத்து வெட்டு” என்று தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். தைத்ததை வாங்கிப் போனவர்களில் ஒருத்திகூட உடுத்திக்கொண்டு வரவில்லை. பக்கத்து வீட்டு அமிர்தவல்லியிடம் கேட்டுவிட்டாள்.

“போட்டுக் கிழிக்கவா? ஒன் கைபட்ட துணியாச்சே. மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிருக்கேன். பிள்ளைக்குக் காய்ச்சக் கண்டா மேல போத்துவேன், எறங்கிரும்.”

“எறங்குச்சா?”

“எறங்காம?” என்றாள் அமிர்தவல்லி. அதுதான் அமராவதிக்கு மிகவும் பயமாக இருந்தது.

அவளுடைய ஆசை பெரிய ஆசை இல்லை. தான் வெட்டிய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி கடைத்தெருவில் முன்னால் நடக்க வேண்டும். பின்னால் நின்று, முதுகில் சுருக்கம் விழாமல் தோள்தையல் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரங்கூனில் தினமும் பார்த்த காட்சி. அந்த ஆசைக்கு ஓர் இடமும் இருக்கிறது. அவளோடு அதே கப்பலில் வந்த வெள்ளைச்சாமி புதுக்கோட்டையில், கீழ ராஜ வீதியை ஒட்டிய சந்தில், தையற்கடை வைத்திருக்கிறான். கப்பலில் ஒரே தட்டில் கஞ்சி குடித்தவர்கள். போன ஐப்பசியில் தேடிக்கொண்டு வந்து, நல்லதம்பி முன்னால் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டான்.

“கட்டிக்கிறேன்ங்க. கடையில இன்னொரு மெஷின் போடுறேன். நடுவுல ஒரு திரை. அங்கிட்டு அவங்க, இங்கிட்டு நான். பொம்பளையாளுக அவங்க முன்னாடி நின்னு கையத் தூக்கி அளவு குடுப்பாங்க. ரங்கூன் லேடீஸ் டெய்லர்னு போர்டுகூட எழுதக் குடுத்துட்டேன்.”

கதவுக்குப் பின்னால் நின்று அமராவதி கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லதம்பி கெட்டவர் இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “வீட்டுச்சாமிய எப்படித் தம்பி கட்டிக் குடுக்கிறது? அது போயிருச்சுன்னா கிணறு என்னாகும், என் பய என்னாவான்?” என்றார். பிறகு யோசித்து, மாசிப் படைப்பில் ஆத்தா உத்தரவு கொடுத்தால் அனுப்புவதாகச் சொன்னார்.

அமராவதி வெளியே வந்தேவிட்டாள். “நான்தான ஆத்தா? இந்தா, உத்தரவு குடுத்துட்டேன்.”

“நீ பொட்டியில இருந்து சொல்லணும்” என்றார் நல்லதம்பி, மிகுந்த மரியாதையோடு.

பெட்டியைத் திறப்பது சின்னப்பிள்ளை. அதிலிருந்து என்ன உத்தரவு வருகிறது என்று சொல்வதும் சின்னப்பிள்ளைதான். வெள்ளைச்சாமி மாசி கழித்து வருவதாகச் சொல்லிப் போனான். இந்த முறையும் வெறுங்கையோடு அனுப்பினால், பிறகு எத்தனை நாள்தான் ஒருவன் பஸ்ஸேறி வருவான்?

தை மாதத்தில் ஒரு பகற்பொழுது, எல்லாரும் கதிரறுப்புக்குப் போயிருக்க, அமராவதி உத்திரத்திலிருந்து பெட்டியை இறக்கினாள். எதிரி யாரென்று பார்த்துவிடும் ஆத்திரம். உள்ளே போன வருஷத்து ரவிக்கை இருந்தது. தையற்காரிக்குத் துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கொக்கிகள் தாமாகப் போய் மாட்டிக்கொண்டன. கை, கழுத்து, இடுப்பு எல்லாம் அவளைப் பக்கத்தில் நிறுத்தி அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள். தையல் அரைவிரல் இறக்கிப் போட்டிருந்தது. அவள் தோளுக்குச் சரியாக.

அரிமளத்துக்குப் போய், பெட்டிக்கு வழக்கமாகத் தைத்துக்கொடுக்கும் ஆத்மநாதனிடம் கேட்டாள். “நான் என்னத்தக் கண்டேன் தாயி? நீங்க ரங்கூன்ல இருந்து வாரதுக்கு முன்னாடி இருந்தே இடது தோள எறக்கச் சொல்லித்தான் சின்னப்பிள்ளை துணி குடுத்துவிடும்” என்றார் அவர். சின்னப்பிள்ளையிடம் கேட்டபோது, அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று பார்த்தாள். “கனவுல வந்து நிப்பேல்ல, அப்பப் பாத்துக்கிருவேன். எப்பவும் இடது பக்கமாச் சாஞ்சுதான் நிப்பே.”

அதன்பிறகு அமராவதிக்கு உள்ளறையில் சோறு இறங்கவில்லை. தலைக்கு மேலே தொங்குவது தன்னைப் பார்த்து வளர்ந்ததா, அல்லது தான்தான் அதைப் பார்த்து வளர்ந்தோமா என்று நினைக்க ஆரம்பித்தால் நினைப்பு எங்கெங்கோ போயிற்று. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கும் பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். பேசிக்கொண்டே இருப்பாள்; வலது கை இடது மணிக்கட்டில் இருக்கும்.

மாசி பிறந்து, படைப்புக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, சின்னப்பிள்ளை அரக்குச் சிவப்பில் புதுத்துணி கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள்.

“இந்த வருசம் நீயே தச்சுக்க ஆத்தா. ஒன் அளவுதான.”

அமராவதி துணியை விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள், கீழே வைத்தாள். இதைத் தன் அளவுக்கு வெட்டினால் அடுத்த வருஷமும் வெட்ட வேண்டும், தலை நரைத்த பிறகும் வெட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. துணியை மடித்துப் பாதியாக்கினாள். பிறகு அதையும் பாதியாக்கினாள்.

“பெரியாத்தா, அந்தப் பிள்ளைக்கு நாலு வயசு.”

“எந்தப் பிள்ளைக்கு?”

“துணியில சுத்தித் தூக்கிட்டுப் போன பிள்ளைக்கு. ராக்கன் பெரியவரு பாத்துட்டு வந்த பிள்ளைக்கு. அது நீங்க முடைஞ்ச பொட்டிக்குள்ள அன்னிக்கு வந்து உக்காந்ததுதான். அது வளரல. வளந்தது நான்.”

சின்னப்பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க வருசா வருசம் பெரிய துணியா வச்சுக்கிட்டே வந்திருக்கீக. அது காலு தட்டி, தட்டி, தரையில இழுத்துக்கிட்டே இந்த வீட்டுக்குள்ள நடந்திருக்கும்ல?”

சின்னப்பிள்ளையின் கை வாய்க்குப் போயிற்று. இத்தனை வருஷமும் பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று நம்பியிருந்தவள். கேட்கவே பயந்தவளாக, “அளவுச் சட்டை இல்லையே” என்றாள்.

“அளவு எடுத்துக்கிருவோம்.”

அமராவதி கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். துணியோடு உள்ளறைக்குப் போய், உத்திரத்தில் கட்டியிருந்த பெட்டிக்கு நேர் கீழே, தரையில் முழங்காலிட்டாள். எதிரே யாரும் இல்லை. ரங்கூன் கடையில் குழந்தைகளுக்கு அளவெடுக்கும்போது சொல்வது போலவே, “கையத் தூக்கு பாப்போம்” என்றாள். டேப்பைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு விரலால் பிடித்தாள். தொய்ந்து விழும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். விழவில்லை. ஒரு சின்ன வட்டமாக நின்றது. அவளுக்கே உடம்பெல்லாம் புல்லரித்தது. சாக்குக் கட்டியால் துணியில் ஒரு கோடு போட்டாள்.

“அமராவதி!”

இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் தன் பெயரை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு குதிக்கத் திரும்பினாள். சின்னப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு எதிரே, இடுப்பு உயரத்துக்கும் கீழே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே வந்து மெல்லக் குந்தினாள்.

“அமராவதி, ஆடாம நில்லுடி. அக்கா அளவெடுக்கிறாள்ல.”

சொல்லிவிட்டு, கழுத்தில் டேப் வைக்க இடைஞ்சலாயிருக்கும் பிள்ளை முடியை ஒதுக்குவது போல, ஒரு கையால் காற்றை அள்ளி, தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.